துரையின் நாய் தின்ற கொய்னா

மலாயாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்தேன். பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, மலேரியாக் காய்ச்சல் வராமலிருக்க ஆளுக்கு இரண்டு கொய்னா மாத்திரை கொடுப்பேன். விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். கசப்புத் தாங்காதவர்கள் வெல்லத்தில் பொதிந்து விழுங்குவார்கள். அதை நான் தடுத்ததில்லை.

ஒரு நாள் ஆட்கள் வேலை விட்டுத் திரும்பிய நேரம், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் நாய் ரெக்ஸ், ஆட்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் விழுந்து கிடப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஓடினேன். நாயின் கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. துரை வீட்டுச் சமையல்காரர் அதன் வாயைப் பிளந்து புளித்தண்ணீர் ஊற்றப் போனார்.

"அண்ணே, ஊத்தாதீங்க! நெனவில்லாம கெடக்கு, மூச்சுக் கொழாயில போய் அடைச்சுக்கும்."

வாந்தியில் வெல்லமும் வெள்ளை மாத்திரைத் துண்டுகளும் கிடந்தன. என் மாத்திரைகள்தான்.

துரை பிரம்போடு வந்தார். "யாரு வெஷம் வெச்சது? சொல்லாட்டி இந்த லயம் பூரா வெளியே!"

பிரம்பைப் பார்த்துக்கொண்டு யார் வாய் திறப்பார்கள்? எத்தனை மாத்திரை, எப்போது தின்றது என்று தெரியாமல் மிருக டாக்டரிடம் என்ன சொல்வது? கார் எடுக்கச் சொல்லித் துரையை அந்த இடத்தை விட்டு அனுப்பினேன்.

அவர் போனதும் தாயம்மா முன்னே வந்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி.

"நாந்தான்யா. கொய்னா தின்னா வயித்துப் புள்ள தங்காதுன்னாங்க. மாத்திர வெச்ச உருண்டைய மடியில போட்டுட்டு, வெறும் வெல்லத்த முழுங்குவேன். எறிஞ்சா கங்காணி பாத்துருவாருன்னு கொல்லையில பொதச்சு வெச்சேன். நாய் தோண்டிருச்சு. ஆறு நாளுது, பன்னெண்டு. வேல விட்டு வந்தப்பத்தான் தின்னுக்கிட்டிருந்துச்சு, அர மணி நேரம் இருக்கும்."

தினமும் வாயைத் திறந்து பார்த்தவன், அவள் பயத்தை ஒரு நாளும் கேட்டதில்லை. என்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது.

அவள் சொன்ன கணக்கைச் சீட்டில் எழுதி, நாயோடு காரில் டாக்டரிடம் அனுப்பினேன். யார் செய்தது என்று துரை கேட்டார். என் கையிலிருந்து கொட்டிவிட்டது என்றேன். லயமே பார்க்க "முட்டாள்" என்று கத்தினார். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். நாயோ குழந்தையோ மருந்தைத் தின்றுவிட்டால், வாயில் எதையும் ஊற்றாதீர்கள். என்ன, எத்தனை, எப்போது என்று கேளுங்கள். உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். அதற்கெல்லாம் முன்னால், பிரம்பு வைத்திருப்பவரை அங்கிருந்து அனுப்புங்கள்.

ஆனால் இன்றும் என் வயிறு எரிவது வேறொன்றுக்காக. அதற்கு முந்தின மாதம் தாயம்மாவின் புருஷன் முத்தன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். அதே காரைத்தான் கெஞ்சிக் கேட்டேன்.

"காருக்கு வேற வேல இருக்கு," என்றார் துரை.

முத்தன் மாட்டு வண்டியில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அதே வண்டியில், பாய் மூடித் திரும்பி வந்தான்.

ரெக்ஸ் மூன்றாம் நாள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டியபடி வந்தது. குழாயடியில் நின்ற தாயம்மா, குடத்தை எடுத்துக்கொண்டு காருக்கு வழி விட்டாள்.