தம்பியிடம் கேட்காத விளக்கம்

ஊழியர் ஒருவரைக் கண்டிக்கும் முன் அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். கண்டிப்பையும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் காதில் விழாமல் சொல்ல வேண்டும். நான் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த ரயில்வே அலுவலகத்தில் இது விதி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைப் பிரதியெடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

கிள்ளான் சரக்குக் கொட்டகையில் என் தம்பி கிராணி. துறைமுகத்துக்குப் போக வேண்டிய ரப்பர் ஏற்றிய வண்டியை அவன் ஒருநாள் உள்நாட்டிலுள்ள ரவாங்கிற்கு அனுப்பிவிட்டான். சோதனைக்குப் போன நான், சுமை தூக்குபவர்கள் சுற்றி நிற்க, விதியை மறந்தேன். மறந்தேன் என்பதும் சரியல்ல. நல்ல வசனம் ஒன்று வாயில் தயாராக இருந்தது. வீணாக்க மனம் வரவில்லை.

"உன்ர முகத்தில கண் என்னத்துக்கு? அழகுக்கோ? வண்டியில ஒட்டின சீட்டை இந்த ஆக்களும் வாசிப்பினம்!"

பின்னால் ஒருவன் சிரித்தான். "நம்ம கிராணியாரு அண்ணன்கிட்டயே வாங்கிக் கட்டிக்கிட்டாருடா!"

அதன்பின் தம்பி வரவில்லை. அதுவரை ஞாயிறுதோறும் மனைவியுடன் காலை ரயிலில் பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவான். கையில் ஈரச் சாக்கில் நண்டு இருக்கும். முதல் ஞாயிறு, ரயில் பிந்திவிட்டது என்றேன். நாலாம் ஞாயிறு, யாரோ அவனைத் தூண்டிவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தேன். என் மனைவியையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

"ஒருத்தரும் தூண்டேல்லை, உங்கட வாய்தான்" என்றாள் அவள். "கடல் கடந்து வந்த இந்த நாட்டில எங்களுக்கெண்டு இருக்கிறது அவன் ஒருத்தன். அவனையும் துலைக்கப் போறியளோ? எழுதுங்கோ."

எழுதினேன். வாசித்துப் பார்த்தாள்.

"உதென்ன கடிதமோ, குற்றப்பத்திரிகையோ? தம்பிக்கும் ஒண்டு, ரெண்டெண்டு இலக்கம் போட்டே எழுதுவியள்?" கிழித்து அடுப்பில் போட்டாள்.

இரண்டாவது கடிதத்தில் தேன் வழிந்தது. அவனுடைய சேவையில் எனக்கு மிகுந்த மதிப்பு என்றும், நடந்ததைப் பற்றி ஆறுதலாகப் பேச விரும்புவதாகவும் எழுதினேன். திருப்பி வாசித்தபோது எனக்கே அந்த ஆளை நம்ப முடியவில்லை.

தம்பியும் நம்பவில்லை. நாலு பக்க விளக்கம் வந்தது. 'ஐயா' என்று தொடங்கியது. பேரேட்டின் நகலும் இணைத்திருந்தான். காரணம் எனக்குப் புரிந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்: "மேலிடம் இனிமையா எழுதினால், உன்ர கதிரைக்கு வேற ஆள் பாத்தாச்செண்டு நினை." பாடத்தை மறக்காத மாணவன்.

இதை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சிவப்புப் பென்சிலை எடுத்தேன். இரண்டு பிழைகள் கிடைத்தன, மகிழ்ச்சியாக இருந்தது. ஐந்தாம் பத்தியில் பென்சில் நின்றது. அந்த வாரம் அவன் மனைவி மலேரியாக் காய்ச்சலுடன் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். இரண்டு இரவு அங்கே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்துவிட்டு நேரே வேலைக்கு வந்திருக்கிறான். 'இதைச் சொல்ல வாய் திறக்குமுன் தாங்கள் பேசத் தொடங்கிவிட்டீர்கள்' என்று முடித்திருந்தான்.

அந்தப் பத்தியில் ஒரு பிழையும் இல்லை. மூன்று தரம் தேடினேன்.

அலுவலகத் தாளை விட்டு ஒரு தபால் அட்டையை எடுத்தேன். 'அவவுக்கு இப்போது சுகமா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேளாமல் பேசியது என் பிழை. அந்தக் கொட்டகைக்கே வந்து, அதே ஆட்கள் முன்னால் சொல்கிறேன்.' அதன் கீழ் 'ஆனாலும் அந்த வண்டி' என்று தொடங்கினேன். மனைவி தோளுக்குப் பின்னால் நின்றாள். வெட்டிவிட்டேன்.

பிறகு காத்திருந்தேன். தபால்காரனைச் சந்தேகித்தேன், மழையைச் சந்தேகித்தேன், வெட்டிய வரியை அவன் வெளிச்சத்தில் பிடித்து வாசித்திருப்பானோ என்றும் சந்தேகித்தேன். கடைசியில் ஓர் அட்டை வந்தது.

'அண்ணை, அவவுக்குச் சுகம். கொட்டகைக்கு வர வேண்டாம், நீங்கள் மன்னிப்புக் கேட்டால் ஆட்கள் பயந்துவிடுவார்கள். எனக்குச் சொன்னது போதும். ஞாயிறு இருவரும் நண்டுடன் வருகிறோம். நண்டில் குறை இருந்தால் முதலில் விளக்கம் கேட்கவும்.'

உள்நோக்கம் ஏதும் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். என் விலாசமும் தபால் முத்திரையும்தான் இருந்தன. தைப்பூசத்துக்குத் தபால் விடுமுறை; அதனால்தான் அது மறுநாள் வந்து சேர்ந்திருக்கிறது.