பூட்டி அனுப்பிய கதைகள்

பழைய கணினிகளிலிருந்து கோப்புகளை இணைப்பு வழியாகப் பாதுகாப்பாக அனுப்ப ஏற்பாடு செய்து தருவதுதான் என் சித்தியின் வேலை. வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி சங்கேதமாக்கிப் பூட்டாமல் எதையும் அனுப்ப மாட்டார். அதனால் சித்தப்பா அவரைப் "பூட்டுக்காரி" என்றுதான் கூப்பிடுவார்.

சித்தப்பா இறந்த மறுமாதம், உள்ளறையில் இருந்த அவருடைய பழைய கணினியின் சேமிப்பு வட்டு, நின்றுபோகப் போகும் அறிகுறியாக, கரகரவென்று சத்தம் போட்டது. தங்கள் மகளுக்காக அவர் தன் குரலில் படித்துப் பதிவு செய்த முப்பது கதைகள் அதில் மட்டுமே இருந்தன. சித்தி கூடத்துக் கணினியிலிருந்து அதற்கு இணைப்பு கொடுத்து, கதைகளை எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் பூட்டுவதற்குள் அந்தக் கிழட்டுக் கணினி திணறியது.

"கூடத்துக்கும் ரூமுக்கும் நடுவுல எந்தத் திருடன்டி நிக்கிறான்? பூட்டாமலே அனுப்பேன்," என்றார் அம்மா.

"கை பழகிடுச்சுக்கா. தொறந்து அனுப்பினா அவரே கிண்டல் பண்ணுவார்."

பன்னிரண்டாவது கதை பாதி வந்தபோது வட்டு நின்றுவிட்டது. பிறகு எத்தனை முயன்றும் அது சுழலவில்லை. பூட்டாமல் அனுப்பியிருந்தால் முப்பதும் பத்து நிமிடத்தில் வந்திருக்கும். அது எங்களைவிடச் சித்திக்கு நன்றாகத் தெரியும்.

சித்தியின் மகள் அந்தப் பாதிக் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.

"மீதி எங்கம்மா?"

"பூட்டிக்கிட்டே இருந்துட்டேன்டி," என்றார் சித்தி.