அடைப்புக்காரர் வாங்கிய சான்றிதழ்

கழிவுநீர்க் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு மூடிகள் போதும். தெருவில் ஒரு மூடியைத் திறப்பார், தண்ணீர் தேங்கி நிற்கும். தள்ளிப் போய் இன்னொன்றைத் திறப்பார், காய்ந்து கிடக்கும். நடுவில் எந்த வீட்டுக் குழாய் எங்கே வந்து சேருகிறது என்று கொஞ்ச நேரம் நின்று யோசிப்பார். பிறகு கம்பியை விட்டால், அவர் சொன்ன இடத்தில்தான் முட்டும். தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்களே தவிர, உங்கள் பேர் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. அடைப்புக்காரர் வந்துவிட்டாரா என்பதோடு விசாரிப்பு முடிந்தது. நாமும் அப்படியே கூப்பிடுவோம், அவருக்குப் பழகிப்போனதுதான்.

இந்த அடைப்புக்காரர் செஸ் ஆடுவார். ஏதோ பொழுதுபோகாமல் ஆடுவார் என்று நினைத்துவிடாதீர்கள், எதிரில் உட்கார்ந்தவரைப் பின்னியெடுத்துவிடுவார். கழிவுநீரை இறைக்கும் பம்ப் அறையில் தொட்டி நிரம்பும்வரை மோட்டாரைப் போட முடியாது. அந்த நேரத்தில் கழிவுநீர் லாரி ஓட்டுநரோடு ஆடி ஆடிப் பழகியது. பலகையில் ஒரு யானை எப்போதோ தொலைந்துபோய், அதன் இடத்தில் பழைய பியூஸ் கட்டை நிற்கும். அந்தக் கட்டையை வைத்துக்கொண்டே ஓட்டுநரின் ராஜாவை மூலைக்கு மூலை விரட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுநர் வீட்டுக்கே வந்து தோற்றுவிட்டுப் போவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டாள் பன்னிரண்டு வயது மகள்.

அவளுடைய பள்ளியில் செஸ் அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வில் மூன்று பேரோடு ஆடினாள், மூன்று பேரையும் வென்றாள். பட்டியலில் பேர் இல்லை. விளையாட்டு ஆசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டி, தந்தை தொழில் என்ற இடத்தைப் பார்த்துவிட்டு, அன்பாகத்தான் சொன்னாராம்: செஸ்ஸெல்லாம் வீட்டுச் சூழல் இருந்தால் வருவது, மூன்று ஆட்டம் குருட்டாம்போக்கில் யாருக்கும் வந்துவிடும், உனக்குக் கால் நீளம், நீ ஓட்டத்தில் சேர்ந்துகொள். வீட்டில் வந்து சொன்னபோது அவள் அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

அடைப்புக்காரர் சண்டைக்குப் போகத் தெரியாத மனிதர். போனாலும் பள்ளியில் அந்தக் கோபத்தையெல்லாம் மகள் தலையில்தான் இறக்குவார்கள். அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் செஸ் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் ஜெயித்து, பேரும் தொழிலும் அச்சடித்த சான்றிதழை அந்த ஆசிரியரின் மேசையில் வைத்துவிடுவது என்று முடிவு செய்தார். 'அடைப்பு எடுக்கிறவன் ஜெயிச்சிருக்கான் சார், அவன் பொண்ணு ஆட மாட்டாளா?' இந்த ஒரு வாக்கியத்தை சைக்கிளில் போகும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தார். தனியாகப் பேசிக்கொண்டு போகிறாரே, யாரிடமாவது காட்டலாமா என்று மனைவி ஓட்டுநரிடம் கேட்டாள்.

அவர் அலுவலகத்தில் அணியை எப்படி அமைப்பார்கள் தெரியுமா? பதவி வரிசைப்படி! செயற்பொறியாளர் முதல் பலகை, அவருக்குக் கீழே இருப்பவர் இரண்டாவது, உதவிப் பொறியாளர் மூன்றாவது. நாலாவதுக்கு ஆள் அகப்படாமல் இவரைப் பிடித்துப் போட்டார்கள். பெரியவர்கள் மூவரும் பதவி வரிசை குலையாமல் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றார்கள். இவர் ஆடிய ஏழு ஆட்டமும் வெற்றி. தனிநபர் கோப்பை இவருக்கு.

பரிசு தருவதற்கு முன்னால் ஒரு படிவத்தை நீட்டினார்கள். எந்தத் தொழில்காரர்கள் நன்றாக ஆடுகிறார்கள் என்று ஒரு கல்லூரி ஆராய்ச்சி செய்கிறதாம், சான்றிதழும் அதைப் பார்த்துத்தான் அச்சாகும். பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர், கணக்காளர், மாணவர் என்று ஆறு பெட்டிகள். மற்றவர் என்று பேச்சுக்குக்கூட ஒன்று இல்லை. மற்றவர்களும் ஆடுவார்கள் என்று தோன்றியிருந்தால்தானே போடுவதற்கு! பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார். உதவிப் பொறியாளர் எட்டிப் பார்த்து, படிவத்தை வாங்கிப் பொறியாளருக்கு நேராக டிக் அடித்தார்.

"எல்லாம் ஒரே ஆபீஸ்தானே, யாரு பாக்கப்போறா? கையெழுத்துப் போடுங்க."

போட்டார். இருபது வருடமாக மேலே இருப்பவர் நீட்டிய காகிதத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. மூடியைத் திறந்து பார்க்காமல் கம்பியை விடாத மனிதர், அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை.

சான்றிதழ் வந்தது. அவர் பேர், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பொறியாளர்'. மறுவாரம் பத்திரிகையில் ஆராய்ச்சி முடிவும் வந்தது. செஸ்ஸில் பொறியாளர்கள்தான் முதலிடமாம், திட்டமிட்டுப் பழகிய மூளையாம். இவருடைய ஏழு வெற்றியை எடுத்துவிட்டால் பொறியாளர்கள் கணக்காளர்களுக்குக் கீழே! போட்டி நடத்தியவர்களிடம் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டுப் போனார். கையெழுத்து உங்களுடையதுதானே, பொய்த் தகவல் தந்ததாக ஆகிவிடும், கோப்பையும் போய்விடும் என்று பயமுறுத்தி அனுப்பினார்கள். என்ன அநியாயம் பாருங்கள்.

சரி, நடந்ததை நடந்தபடியே ஆசிரியரிடம் சொல்லிவிடலாம் என்று, சலவைச் சட்டை போட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். பேசுவதற்கு முன்னால் சான்றிதழை நீட்டினார், அதுதான் தப்பு. ஆசிரியர் படித்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். நீங்க இன்ஜினியரா? முன்னாடியே சொல்லக் கூடாதா?"

பதிவேட்டை எடுத்து, தந்தை தொழிலைச் சிவப்பு மையால் அடித்தார். எவனோ கிளார்க் கவனமில்லாமல் எழுதியிருக்கிறான் என்று திட்டினார். இவள் ஆட்டத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது, தனக்கு அப்போதே சந்தேகம்தான் என்றார். அணிப் பட்டியலில் அவள் பேரை எழுதினார்.

அடைப்புக்காரருக்கு சைக்கிளில் சொல்லிப் பார்த்த அந்த வாக்கியம் வாய்வரை வந்தது. மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"ஆமா சார்," என்றார்.

திரும்பி வரும்போது சனிக்கிழமைதான் முதல் போட்டி என்றாள் மகள். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார்.

"நீங்க வர வேணாம்பா. போட்டி நடக்குற தெருவுல உங்கள எல்லாருக்கும் தெரியும்."

"சரிம்மா," என்று அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை அவருக்குப் பதிலாக லாரி ஓட்டுநர் போய்ப் பார்த்துவிட்டு, நேராகப் பம்ப் அறைக்கு வந்தார். எல்லா ஆட்டமும் ஜெயித்துவிட்டாளாம். பலகையில் காய்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"இன்ஜினியர் பொண்ணு, அதான் இப்படி ஆடுதுன்னு அந்த வாத்தியார் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தாருண்ணே. யாரும்மா அந்த இன்ஜினியர்னு பக்கத்துல ஒருத்தர் உங்க பொண்ணுகிட்டயே கேட்டாரு. அப்பாவுக்கு இன்னைக்கு ஆபீஸ்ல மீட்டிங்னு சொல்லிச்சு."

அடைப்புக்காரர் கேட்டுக்கொண்டார். பிறகு, தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கிறேன் என்று எழுந்து போனார். அது நிரம்ப இன்னும் அரை மணி நேரம் இருந்தது.