ஒரே முடிச்சில் இரண்டு தம்பிகள்

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவள். நர்ஸ் வேலை. அவளுக்கு இரண்டு தம்பிகள். பெரியவன் அரசாங்க ராணுவத்தில் சிப்பாய். சின்னவன் காலேஜை விட்டுவிட்டு, மலைக்காட்டில் இருக்கும் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துவிட்டான். ஒரே வயிற்றில் பிறந்ததுகள் ஆளுக்கொரு பக்கம் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம், அரசாங்கமும் கிளர்ச்சிக்காரர்களும் பேசப்போகிறார்கள் என்ற செய்தியைப் போனில் காட்டினாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மஞ்சள் துணியில் ஒரு குவார்ட்டரை, அதுதான் கால் டாலர் காசை, முடிந்து, "பெருமாளே, சின்னவன் உயிரோடு வீடு சேரட்டும், உன் உண்டியலில் போடறேன்" என்று சாமி அலமாரியில் வைத்தேன்.

"ஐ.நா. சபையாலயே ஆகலை. உன் குவார்ட்டர் சால்வ் பண்ணிடுமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாயைக் கழுவுங்க முதல்ல!"

மறுநாள் அவளிடம் பெருமையாகக் காட்டினேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பெரியவனுக்கு?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கவர்ன்மென்ட் உத்தியோகம், அவனுக்கென்ன குறை என்று நினைத்துவிட்டேன்! நம் ஊர்ப் புத்தி எங்கே போகும்? அவனும் அதே மலையில்தான் ரோந்து போகிறானாம். அவன் பெண்டாட்டி போனைத் தலையணையடியில் வைத்துக்கொண்டு படுக்கிறாளாம்.

வேண்டி முடிந்ததை அவிழ்க்கக் கூடாது என்பார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு அவிழ்த்தேன். இன்னொரு குவார்ட்டரையும் வைத்து இறுக்கி முடிந்தேன்.

அரசாங்கத்தோடு நடந்த பேச்சுவார்த்தை நடுவில் முறிந்தது. அவள் சில வாரம் எங்கள் பக்கம் முகம் காட்டவே இல்லை. அப்புறம் இரண்டு தரப்பும் மறுபடி பேச உட்கார்ந்தன. நானும் சாம்பாரைக் கிளறிக்கொண்டே அந்த நாட்டுச் செய்தியைத் தேட ஆரம்பித்தேன். இவ்வளவு அக்கறையாக நான் எந்த எலெக்‌ஷனையும் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தாள். சின்னவன் அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறான். ஒப்பந்தம் கையெழுத்தானால் மலையை விட்டு இறங்கத் தயாராம். ஒரே ஒரு நிபந்தனை. வேறு எந்தச் சிப்பாயையும் அவன் நம்பமாட்டான், அண்ணன்தான் வந்து கூட்டிப் போகவேண்டுமாம்.

"பெரியவன் என்ன சொன்னான்?" என்றேன்.

அன்றைக்கே லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டானாம். சொல்லும்போதே அழுதாள். நானும் அழுதேன்.

கேலி பண்ணின மனுஷர் சோபாவிலிருந்து எழுந்து வந்தார். "இப்பவே கோவிலுக்கு டிரைவ் பண்ணட்டுமா?"

"கையெழுத்து ஆகட்டும். ரெண்டு பேரும் வீட்டு வாசப்படி ஏறட்டும்" என்றேன்.

முடிச்சு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அதை உண்டியலில் போடும் நாளில் காரைத் தான்தான் ஓட்டுவேன் என்று அவள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.