நட்டில் வைத்த சந்தனம்

எங்கள் பழைய காரின் இரும்புச் சக்கரங்களைக் கழற்றச் சொல்லி, மேற்கு மாம்பலத்துக் கடையொன்றில் அலாய் சக்கரங்களைப் பொருத்த வைத்தவள் என் மனைவி. கம்பெனிச் சக்கரம் அல்ல, சீக்கிரம் விரிசல் விடும் என்று நான் முணுமுணுத்தேன். எத்தனையோ மழைக்காலங்கள் கடந்தும் அவற்றில் ஒரு விரிசலும் இல்லை. அவள்தான் சென்ற தை மாதம் இறந்துபோனாள்.

ஆயுத பூஜையன்று எல்லோரும் சக்கரத்துக்குப் பொட்டு வைப்பார்கள். அவளோ நட்டுகள் பதிந்திருக்கும் குழிக்குள் விரலை நுழைத்து, ஒவ்வொரு நட்டுக்கும் தனித்தனியே சந்தனம் வைப்பாள்.

நேற்று அடையாறில் ஒரு சக்கரம் பஞ்சரானது. பஞ்சர் கடைக்காரரின் ஸ்பானர் நட்டில் சரியாக உட்காரவில்லை.

“இன்னா சார், உள்ள கெட்டியா கீது? சந்தனமா? நட்டுக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?” என்று சிரித்தபடியே ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். மஞ்சள் துகள்கள் தரையில் உதிர்ந்தன. அடியில் நட்டு துருவின்றி மின்னியது.

“வீலு நல்ல சரக்கு சார், இன்னும் பத்து வருசம் தாங்கும். மத்த மூணு வீல்லயும் சுரண்டிடவா?”

“வேண்டாம்ப்பா.”

“நடுரோட்ல பஞ்சரானா கழட்ட முடியாது சார்.”

“பரவாயில்ல, இருக்கட்டும்.”

உதிர்ந்த துகள்களை மிதித்துவிடாமல் சுற்றிப் போய்க் காரில் ஏறினேன்.