பெரிய டாக்டருக்குத் தோட்டம் கொடுத்த உபயம்

தாப்பாவிலிருந்து மலையேறும் லோரியில் எப்படியோ ஓர் இடம் பிடித்து, தானா ராத்தாவில் இறங்கி, காசிம் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எனக்குச் செய்தி கிடைத்தது. பாய் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. சயாம் ரயில் போடப் போய்த் திரும்பிய உடம்பு அப்படி.

"சின்ன டாக்டரா? நீங்க செத்துட்டீங்கன்னுல்ல நெனச்சோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரிய டாக்டர் தவறிட்டாருங்க. ஜப்பான்காரன் போறதுக்குக் கொஞ்சம் முந்தி. வயித்துக் கோளாறுதான்லா."

நான் சிரித்துவிட்டேன். "ஆள் மாறிப்போச்சு பாய். சாகப் போனவன் நான்" என்றேன். பாய் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டர் சுந்தரேசன் அவர்களை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டங்களுக்குப் பொதுவான ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவர். அவர்கள் மூத்தவர், பெரிய டாக்டர். நான் சின்ன டாக்டர். ஒருவருக்குப் பகல், ஒருவருக்கு இரவு. மாதம் பிறந்தால் மாற்றிக்கொள்வோம். அந்த மாற்றத்தை அவர்கள் ஒரு விரதம் போலக் காத்தார்கள். இரவு வேலை பார்க்கிறவனுக்கு முதலில் கெடுவது கண்ணல்ல, வயிறு என்பது அவர்கள் கட்சி. "ராத்திரியில வயிறு கடையச் சாத்திட்டுத் தூங்கப் பாக்குது, ராகவன். நாமதான் கதவைத் தட்டித் தட்டிச் சரக்கு கேக்கறோம்" என்பார்கள். நெஞ்செரிச்சல், உப்புசம், ஒரு நாள் மலக்கட்டும் மறுநாள் பேதியுமாக நான் அவதிப்பட்ட ஒவ்வொரு மாதமும் என் நாக்கைப் பார்க்க மாட்டார்கள்; எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்றுதான் கேட்பார்கள்.

பகலில் நான் தூங்கும் அறையின் ஜன்னலுக்குத் தம் சாரோங்கைக் கட்டித் திரை போட்டவர்கள் அவர்கள்தான். ஒரு தடவை துரைக்குத் தலைவலி என்று பங்களாவிலிருந்து ஆள் வந்து, சின்ன டாக்டர்தான் வர வேண்டும் என்றான். "சின்ன டாக்டர் தூங்கறாரு. தூங்கற டாக்டரும் வேலையிலதான் இருக்காருன்னு துரைகிட்டச் சொல்லு" என்று அனுப்பிவிட்டுத் தாமே மேடேறிப் போனார்கள். துரை என்ன சொன்னாரோ தெரியாது. திரும்பி வந்து எனக்குக் கஞ்சி ஆற்றி வைத்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கே வயிற்றில் புண் இருந்தது. இளமையில் படிப்புக்கும் பிழைப்புக்குமாகப் பட்டினி கிடந்த புண். பசி வேளை தப்பினால் இடுப்பு மடங்கிவிடுவார்கள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க? என் எரிச்சல உங்களுக்குப் பங்கு வைக்க முடியலியே" என்று கேலி பேசிக்கொண்டே சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பார்கள்.

ஜப்பான்காரன் வந்தான். துரைமார் போனார்கள், அரிசி போனது, மருந்தும் போனது. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. பிறகு சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டர் வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. தாம் போவதாகப் பெரிய டாக்டர் சொல்லும் முன்பே நான் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். அந்தக் காட்டில் வேளைக்குக் கஞ்சி யார் கொடுப்பார்கள்? அந்த வயிறு ஒரு மாதம் தாங்காது என்பது எனக்குத் தெரியும்.

அவர்கள் என்னிடம் கோபித்துக்கொண்டது அன்று ஒரு நாள்தான். "பிழைக்கத் தெரியாத ஆளா இருக்கீங்களே! கல்யாணங்கூட ஆகல. நான் புள்ளைகுட்டியப் பாத்தவன், போனாப் போறேன்" என்றார்கள். தம் மனைவியையும் பிள்ளைகளையும் ஜப்பான் சண்டைக்கு முன்பே நாகப்பட்டினத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. லோரி கிளம்பும்போது தோட்டமே எனக்காக ஒப்பாரி வைத்தது. எனக்கோ மனம் லேசாக இருந்தது. நல்ல மனிதரைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டுப் போகிறோம் என்ற நினைப்பு. மடத்தனம்! என் இரவையும் சேர்த்து அவர்கள் தலையில் வைத்துவிட்டுப் போகிறேன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனிமேல் சொல்வதெல்லாம் ஆஸ்பத்திரி ஆயா அஞ்சலை சொன்னது. அவள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டாள்.

ஆள் பிடிக்கும் லோரி விடியும் முன்னால்தான் வருமாம். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆள் போதாவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குள் நுழைவார்கள். டாக்டர் நின்று, இவனுக்குத் தொத்து வியாதி என்று வாயால் சொன்னால் கட்டிலை விட்டு ஒதுங்குவார்கள்; சொல்ல ஆள் இல்லாவிட்டால் எழுப்பி இழுத்துப் போவார்கள். பெரிய டாக்டர் திடகாத்திரமான ஆண்களையெல்லாம் பேதி என்று சொல்லிப் படுக்க வைத்திருந்தார்கள். அதனால் தூங்க முடியவில்லை. பகலெல்லாம் உண்மையான நோயாளிகள், இரவெல்லாம் பொய்யான நோயாளிகள்.

"சத்தம் கேட்டுச்சுன்னா வயித்தப் புடிச்சுக்கிட்டுத்தாங்க எந்திரிப்பாரு. லோரி சத்தம் இல்லீங்க, காத்துச் சத்தத்துக்கே" என்றாள் அஞ்சலை. "கடைசியா இருந்த சோடா உப்பக்கூட ஒரு புள்ளத்தாச்சிக்குக் குடுத்துட்டாரு. அவளுக்கு நெஞ்செரியுதாம். இவருக்கு எரியலியா?"

தூங்காமல் காவலிருக்கும் டாக்டருக்குத் தோட்டத்து மக்கள் எதைக் கொடுப்பார்கள்? அரிசி இல்லை, சீனி இல்லை, பால் இல்லை. மலை முழுக்க இருந்தது தேயிலை ஒன்றுதான். எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒவ்வொரு லயமும் ஒரு நாள் உபயம் ஏற்றுக்கொள்ளும். அது தவறினால் குடும்பத்துக்கே தலைக்குனிவு. அந்த வழக்கத்தை அப்படியே பெரிய டாக்டருக்கும் செய்தார்கள். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு. இரவெல்லாம் விழித்திருக்கச் சாயம் இறங்க இறங்கக் காய்ச்சிய தேத்தண்ணி, தூக்குச் சட்டி நிறைய. சீனி போடாத, பால் விடாத கோசோங். எந்த வீட்டுத் தேத்தண்ணி கறுப்பு என்பதில் பெண்களுக்குள் போட்டி வேறு.

பெரிய டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? படையலைத் திருப்பி அனுப்ப முடியுமா? வெறும் வயிற்றில், புண்ணின் மேல், இரவுக்கு இரவு அதை ஊற்றிக்கொண்டார்கள். முதல் கோப்பையைக் கொண்டுவந்தவள் முன்னாலேயே குடித்து, "நல்லாருக்கும்மா" என்பார்களாம். அவள் போனபின் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார்களாம். எனக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்த கைகள் அவை. இதைக் கேட்டபோது நான் அழுதேன். எழுதும்போதும் அழுகிறேன்.

ஒரு விடியலில், கட்டிலில் கிடந்த ஒருவனின் நாடியைப் பிடித்தபடியே காப்பித்தூள் நிறத்தில் வாந்தியெடுத்தார்கள். அஞ்சலைக்கு அந்த நிறத்தின் பொருள் தெரியும்: வயிற்றுக்குள் ரத்தம். தாங்கிப் படுக்க வைத்தாள். "லோரி வருதான்னு பாரு" என்றார்களாம். அவள் போய்ப் பார்த்து, பனிமூட்டம்தான், ஒன்றும் இல்லை என்று சொல்ல வந்தபோது கேட்பதற்கு அவர்கள் இல்லை. பொய் நோயாளிகள் அத்தனை பேரும் எழுந்து, தங்களுடைய நல்ல தோள்களில் அவர்களைச் சுமந்து போனார்கள்.

நாகப்பட்டினத்துக்குத் தபால் இன்னும் ஓடவில்லை. அங்கே ஓர் அம்மா இன்னும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் வந்த அன்று மாலையே வேலையில் சேர்ந்தேன். இப்போது நான் ஒருவன்தான் டாக்டர், இரவும் பகலும். ஆள் பிடிக்கும் லோரி இல்லை. பசியில் வீங்கியவர்களால் வார்டு நிறைந்திருக்கிறது. இருட்டியதும் ஒரு பெண் தூக்குச் சட்டியோடு வந்து நின்றாள். பின்னால் அஞ்சலை.

"இன்னைக்கு எங்க வீட்டு உபயமுங்க, டாக்டரய்யா" என்றாள் அந்தப் பெண். பிறகு தயங்கி, "பெரியவரு எதனாலங்க செத்தாரு? வயிறுன்னா, வயித்துல என்னங்க?" என்றாள்.

உண்மை எனக்குத் தெரியும். சொன்னால் இந்த மலையில் இனி யாரும் நிம்மதியாக ஒரு கொழுந்து கிள்ள மாட்டார்கள். சொல்லாவிட்டால் அந்தச் சட்டி நாளையும் வரும், நாளை மறுநாளும் வரும். எனக்குப் பிறகு வருகிற டாக்டருக்கும் வரும்.

"தூக்கமில்லாமச் செத்தாரும்மா. பயந்து பயந்து செத்தாரு. வேளைக்குச் சாப்பிடாமச் செத்தாரு" என்றேன். அதில் பொய் இல்லை. தேயிலை மட்டும் ஒரு மனிதனைக் கொல்லாது. மற்ற எல்லாம் கொன்று முடித்த இடத்தில் அது கடைசியாக விழுந்தது.

அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்த சட்டியை வாங்கி, வாசலுக்குப் போய்த் தரையில் ஊற்றிவிட்டு வந்தாள். "மாரியாயி, நாங்கதான் ஊத்திக் குடுத்தோம்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அந்தப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

கடைசியில் அவள்தான் எழுந்தாள். "அப்ப எங்க வீட்டு மொறைக்கு நான் இங்க முழிச்சிருக்கேங்க. யாருக்காச்சும் ரொம்ப முடியலன்னா எழுப்பறேன். நீங்க போய்ப் படுங்க" என்றாள்.

படுத்தேன். அது பெரிய டாக்டர் படுக்காமலே விட்ட கட்டில். இப்போது ஒவ்வொரு இரவும் ஒரு வீடு வந்து எனக்காக விழித்திருக்கிறது. ஆனால் தூக்கம் பிடிக்கிற நேரத்தில் வராந்தாவில் பெரிய டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்கிறது. கட்டில் கட்டிலாக நிற்கிறது, நகர்கிறது. நான் வைத்தியம் படித்தவன், பேய் பிசாசை நம்புகிறவனல்ல. ஆனாலும் எழுந்து கதவைத் திறந்து, இருட்டைப் பார்த்துச் சொல்கிறேன்: டாக்டர், நான் வந்துவிட்டேன். இரவை என்னிடம் கொடுங்கள். நீங்கள் போய்த் தூங்குங்கள்.