எல்லாவற்றுக்கும் ஓம்

ரேடியோவில் அந்தச் செய்தி வந்த அன்று மாமா தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தார். இலங்கையில் சண்டை முடிந்தது, நம் அரசாங்கமும் அந்த நாட்டு அரசாங்கமும் கையெழுத்துப் போட்டுவிட்டன, பையன்கள் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகப்போகிறார்கள் என்றது செய்தி. எண்பத்தேழாம் வருஷத்து ஆடி மாதம். மாமா என்றால் என் கணவரின் அப்பா, அத்தை என்றால் அவருடைய அம்மா. நான் ஆட்டையாம்பட்டியிலிருந்து, மேட்டூருக்கு மேற்கே மலையடியில் இருந்த அந்தத் தோட்டத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவளுக்கு அந்த இடத்தின் அமைதி பழகவே இல்லை.

முழு அமைதி என்றும் சொல்ல முடியாது. எங்கள் மேட்டுக்காட்டைத் தாண்டிக் காட்டோரத்தில், இலங்கையிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த பையன்களின் முகாம் இருந்தது. இயக்கத்துக்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பையன்கள், அவ்வளவுதான். விடிகாலையில் வரிசையாக ஓடுவார்கள். சில நாள் சுடும் சத்தம் கேட்கும். முதலில் மாடுகள் மிரண்டன, பிறகு அவையும் பழகிக்கொண்டன. எங்கள் கிணற்றில்தான் குளிப்பார்கள். அத்தை அவர்களுக்கு மோர் கொடுப்பார். யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது என்பது எங்களுக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

அவர்களில் ஒருவன் ஜீப் ஓட்டுபவன். இருபத்திரண்டு வயது இருக்கும். தினமும் காலையில் பால் வாங்க வருவான். வண்டியை நிறுத்திவிட்டு, கட்டுத்தரையில் அத்தை பால் பீய்ச்சும்வரை குந்தியிருந்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பான். அவன் அம்மாவிடம் இரண்டு மாடு இருந்ததாம். குண்டு விழுந்த அன்று ஒன்று செத்துப்போனதாம். அத்தையை அம்மா என்றுதான் கூப்பிடுவான். அத்தை அவனைச் சாமி என்பார்.

சர்க்கரை கொடுத்துச் சில நாட்கள் கழித்து, உச்சி வெயிலில் அவன் நடந்து வந்தான். ஜீப் இல்லாமல் அவனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கைலியும் பனியனுமாக, சோளக்காட்டுக்குள் புகுந்து வந்ததில் கையெல்லாம் கீறல்.

“அம்மா, என்னைக் கொஞ்சம் உள்ள விடுங்கோ” என்றான்.

அத்தை எதுவும் கேட்காமல் தானிய அறையைத் திறந்துவிட்டார். நான் சோறு கொண்டுபோய் வைத்தேன். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா, ரேடியோவில சொன்னது உண்மைதானே? சண்டை முடிஞ்சுது எண்டு?”

“அப்படித்தாங்க சொன்னாங்க.”

“முடிஞ்சால் வீட்ட போகலாம்தானே. அதைத்தான் கேட்டனான். கேட்டதே பிழையாப் போச்சு. இது பொய்ப் பேச்சு, ஆயுதத்தை முழுக்கக் குடுக்க மாட்டம், பேச்சை நம்பிறவன் துரோகி எண்டு பொறுப்பாளர் சொன்னவர். நேற்றையில இருந்து என்னோட ஒருத்தரும் கதைக்கேல்லை. வண்டிச் சாவியையும் வாங்கிப்போட்டினம்.”

பொறுப்பாளர் என்பவர் முகாமின் தலைவர். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை.

என் கணவர் மேட்டூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். பொழுதோடு வீடு திரும்பியதும் விஷயத்தைக் கேட்டு, நின்றபடியே சொன்னார்:

“அப்பா, வெடியால மொத பஸ்ல நானே சேலம் கூட்டீட்டுப் போயி ரயில் ஏத்தி உட்டர்றேன். எங்கியோ போய்ப் பொழைச்சுக்கட்டும்.”

“எங்க போவான்? வாயத் தொறந்தா எந்த ஊருன்னு தெரிஞ்சு போயிரும். அவிய நாளைக்கே புடிச்சுருவாங்க. அப்பறம் நம்ம ஊட்டுக்கு வருவாங்க” என்றார் மாமா. “பேசிப் பாக்கலாம். அவியளும் மனுசங்கதான. சண்டையே முடிஞ்சு போச்சுன்னு ரெண்டு நாடும் சொல்லுது. ஒரு பையனை ஊருக்கு உடறதுல அவியளுக்கு என்ன வந்துது?”

சுற்றுவட்டாரத்தில் வாய்க்கால் தகராறோ பாகத் தகராறோ, மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். வெட்டரிவாளோடு நின்றவர்களையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்தவர் அவர்.

அத்தை அடுப்பங்கரையிலிருந்து சொன்னார்: “பேச்சுன்னா ரெண்டு பக்கமும் பயம் இருக்கோணுமுங்க. இங்க நமக்கு மட்டுந்தான் இருக்குது.”

கடைசியில் அவனையே கேட்பது என்று ஆயிற்று. மாமா தானிய அறை வாசலில் உட்கார்ந்து கேட்டார்.

“பொறுப்பாளர் என்ர ஊர்தான் ஐயா. அவரின்ர தாயும் என்ர தாயும் ஒரு கிணத்தில தண்ணி அள்ளினவை. நீங்கள் கேட்டால் கேட்பார். கதைச்சுப் பாருங்கோ.”

மாமா முகாமுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் ஜீப் எங்கள் களத்தில் வந்து நின்றது. வேறு ஒருவன் ஓட்டிவந்தான். அதிலிருந்து இறங்கியவரைப் பார்த்தபோது, இவருக்கா இத்தனை பயம் என்று எனக்குத் தோன்றியது. ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடி, நன்றாகத் தேய்த்த சட்டை. பள்ளிக்கூட வாத்தியாரைப் போல இருந்தார். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கூட வந்த இருவர் உட்காரவில்லை. ஒருவன் கிணற்றுப் பக்கமும் ஒருவன் கட்டுத்தரைப் பக்கமும் போய் நின்றுகொண்டார்கள்.

“எங்கட பிள்ளை ஒருத்தன் வழி தவறிப்போட்டான் ஐயா” என்றார். எங்கே என்று கேட்கவில்லை. தானிய அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சின்னப் பையன், அம்மா நினைப்பு வந்துருச்சு, அவனை அடிக்கக் கூடாது, ஒதுக்கி வைக்கக் கூடாது என்றார். அடுத்த படகில் ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்றார். போகுமுன் வெள்ளிக்கிழமை தான் வந்து ஒரு தடவை அவனைப் பார்க்கவும் சம்மதிக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் “ஓம் ஐயா” என்றார். ஓம் என்றால் அவர்கள் பேச்சில் ஆமாம். வாய்க்கால் தகராறில் மாமா ஒன்று கேட்டால் எதிராளி பத்துச் சொல்வான், துண்டை உதறிவிட்டு எழுந்து போவான், திரும்பி வருவான். இந்த மனிதர் எதையும் மறுக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

அத்தைக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வெளியே வந்து, “கண்ணு, உங்கம்மா மேல சத்தியம் பண்ணு” என்றார்.

அவர் லேசாகச் சிரித்தார். “நாங்கள் சத்தியம் பண்ணுறேல்லை அம்மா. சொன்னால் சொன்னதுதான்.”

பையனை யாரும் கூப்பிடவில்லை. அவனே கதவைத் திறந்துகொண்டு வந்தான். என் கணவரின் பழைய சட்டையைப் போட்டிருந்தான். பொறுப்பாளர் எழுந்து போய் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, தோளில் தட்டி, “வாடாப்பா” என்றார். அவன் அத்தையைப் பார்த்து, “போயிட்டு வாறன் அம்மா” என்றான். பழக்கத்தில் கால் டிரைவர் சீட்டுப் பக்கம் போய்விட்டது. பிறகு திரும்பி, பின்னால் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தான்.

ஜீப் போனதும் மாமா, “பாத்தயா, பேசுனா முடியாதது எதுவுமில்ல” என்றார். என் கணவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாமா ஒரு தூக்குப்போசியில் தயிரோடு முகாமுக்குப் போனார். பையன் மெட்ராசுக்குப் போயிருக்கிறான், ஏதோ காகிதம் வாங்க வேண்டுமாம் என்று வாசலிலேயே சொன்னார்களாம். தயிரை வாங்கிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார்களாம். அடுத்த வாரம் போனபோது, படகு ஏறிவிட்டான் என்றார்கள். மெட்ராசிலிருந்தேவா என்று மாமா கேட்டதற்கு, “ஓம்” என்று மட்டும் பதில்.

அதற்குப்பின் பால் வாங்க யாரும் வரவில்லை. கிணற்றுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை, ஆனால் இருவர் இருவராக வந்தார்கள், பேசுவதில்லை. ஒரு நாள் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஒருவனிடம் அத்தை, “ஏஞ் சாமி, அந்தப் பையன் ஊரு போய்ச் சேந்துட்டானா?” என்று கேட்டார். அவன் வாளியை அப்படியே வைத்துவிட்டு, நுரையைக்கூடக் கழுவாமல் துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

மாமா மேட்டூருக்குப் போய்த் தெரிந்த போலீஸ்காரர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தார். “ஏனுங்க, அது மேலிடத்துச் சமாச்சாரம். நீங்க பண்ணையத்தப் பாருங்க” என்று அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் ரேடியோ வேறு செய்தி சொன்னது. அமைதி காக்கப் போன நம் பட்டாளமும் பையன்களும் அங்கே சண்டை போடுகிறார்கள் என்றது. டீக்கடையில் ஒரே வாக்குவாதம். அவர்களோடு பேசியிருக்கவே கூடாது என்றார் ஒருவர். முன்னமே சரியாகப் பேசியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்றார் இன்னொருவர். “நீங்க சொல்லுங்க, பேசறதா வேண்டாமா?” என்று மாமாவைக் கேட்டார்களாம். மாமா குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார். என் கணவர்தான் இதை என்னிடம் சொன்னார். தன் யோசனையைக் கேட்டிருக்கலாம் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. அந்த பஸ் அவனைக் காப்பாற்றியிருக்கும் என்று எனக்கும் நிச்சயமில்லை.

கார்த்திகையில் முகாமைக் காலி செய்தார்கள். புறப்படுமுன் பொறுப்பாளர் சொல்லிக்கொள்ள வந்தார். மாமா மேட்டுக்காட்டுக்கு வேலையாகப் போயிருந்தார். பொறுப்பாளர் அன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். மூன்று வருஷம் தண்ணீர் கொடுத்த வீட்டை மறக்க மாட்டோம் என்றார்.

அத்தை நேராகக் கேட்டார்: “அந்தப் பையன் உசுரோட இருக்கானா?”

“அவன் எங்கட பிள்ளை அம்மா. எங்கட பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்.” பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கட அவர் இந்தக் கிழமை இரவு வேலையோ? அணைக்கட்டு ரோட்டால தனியச் சைக்கிளில வாறதை நாங்கள் காணுறனாங்கள். கவனமா வரச் சொல்லுங்கோ” என்றார். குரலில் அக்கறைதான் இருந்தது. நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து என் கணவர் இரவு ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் கிடையாது.

தை அமாவாசைக்கு அத்தை முன்னோருக்குப் படைத்துவிட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தார். பக்கத்தில் இன்னொரு இலை போட்டு அதிலும் ஒரு பிடி வைத்தார்.

மாமா பார்த்துவிட்டார். “இது யாருக்கு?”

அத்தை அந்த இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டார்.

“உசுரோட இருக்கறவனுக்குப் படைக்கக் கூடாது. எடு” என்றார் மாமா.

அத்தை எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை. ஒரு காக்கை கூரையிலிருந்து இறங்கி வந்தது. அது எந்த இலைக்குப் போகிறது என்று பார்க்க மனமில்லாமல் நான் உள்ளே போய்விட்டேன்.